கறுப்புத் தாய், செம்பட்டைக் குட்டி

கேள்வி: சிங்கப்பூர் தோ பாயோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் வசிக்கிறோம். செல்லப்பிராணிக் கடையில் இரண்டு கினிப்பன்றிகள் வாங்கினோம். இரண்டும் பெண், இரண்டும் சுத்தமான ‘அமெரிக்கன்’ இனம் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஏழே வாரத்தில் ஒன்று மூன்று குட்டி போட்டுவிட்டது. மற்றது ஆண் என்பதே அப்போதுதான் தெரிந்தது. தாய் கறுப்பு, குட்டை முடி, உடம்பு வழவழவென்று இருக்கும். இடுப்புப் பக்கம் மட்டும் வெள்ளை மயிர் தூவினாற்போல் தெரியும். ஆணுக்கும் குட்டை முடிதான். கறுப்பு, சிவப்பு, வெள்ளை என மூன்று நிறம். குட்டிகளுக்கு இப்போது மூன்று வாரம். ஒன்று கறுப்பு. ஒன்று முழுச் செம்பட்டை, பெண். அதற்கு முடி நீளமாக வளர்கிறது. மூன்றாவது மூன்று நிற ஆண். அதன் முதுகில் மயிர் ஒரு வரப்புபோல எழும்பி நிற்கிறது. உயர்நிலை நான்கில் படிக்கும் என் மகள் புன்னட் கட்டம் (பெற்றோரின் மரபணுக்கள் குட்டியில் எப்படியெல்லாம் சேரலாம் என்று காட்டும் அட்டவணை) போட்டுப் பார்த்துவிட்டு, செம்பட்டைக் குட்டி பிறக்கவே முடியாது என்கிறாள். மூன்று நிற ஆண் பூனை அபூர்வம், இதுவும் அப்படித்தான் என்கிறார் என் மாமியார். மகளின் தோழி வீட்டில் உப்பும் மிளகும் கலந்த நிறத்தில் ஓர் ஆண் கினிப்பன்றி இருக்கிறது. அடுத்த முறை அதனுடன் சேர்த்தால் குட்டிகள் இன்னும் அழகாக வரும் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, தோழி வீட்டு ஆணுடன் சேர்க்க வேண்டாம். அந்த விஷயத்தில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஏன் என்பதைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்கு முன், இதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

பெரிய ஆணையும் ஆண் குட்டியையும் பெண்களிடமிருந்து பிரித்துவிடுங்கள். கறுப்புக் குட்டியின் பாலினத்தை நீங்கள் எழுதவில்லை. அதுவும் ஆணாக இருந்தால் அதையும் சேர்த்துப் பிரியுங்கள். கினிப்பன்றிகள் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் பருவமடைபவை. ஆண் குட்டிகளை மூன்று வாரத்திலேயே பிரிக்கும்படி நாங்கள் சொல்வது அதனால்தான். பெண் குட்டி நான்கைந்து வாரத்திலேயே சினைப்பிடித்துவிடலாம். ஆண்கள் ஒரு கூண்டிலும் பெண்கள் இன்னொரு கூண்டிலும் இருக்கட்டும்; தனியாக எதையும் விட வேண்டாம், இவை கூட்டமாக வாழும் பிராணிகள். பாலினம் பிரிப்பதில் சந்தேகம் இருந்தால் சிறு பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் மூன்றையும் காட்டுங்கள். கடைக்காரரே தவறவிட்ட விஷயம் இது.

இனி உங்கள் மகளின் கணக்குக்கு வருவோம். அவள் கணக்கில் விடுபட்ட முதல் விஷயம் மரபியலே அல்ல, நாள்காட்டி. கினிப்பன்றியின் சினைக்காலம் 59 முதல் 72 நாள் வரை. எலியும் முயலும் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள் ஈன்றுவிடும். இவற்றின் குட்டிகளோ கண் திறந்து, பல் முளைத்து, முழு மயிரோடு பிறக்கின்றன, அதற்கு இவ்வளவு நாள் வேண்டும். நீங்கள் வாங்கியதிலிருந்து பிறப்புவரை ஏழு வாரம், அதாவது 49 நாள். ஆகவே தாய் உங்கள் வீட்டுக்கு வரும்போதே சினையாக இருந்தது. வீட்டில் இருக்கும் ஆணும் அதே கடைக் கூண்டில் அதனுடன் இருந்திருந்தால் அது தந்தையாக இருக்கலாம். வேறு கூண்டிலிருந்து எடுத்துத் தந்திருந்தால் தந்தை நீங்கள் பார்த்தே இராத ஒரு பிராணி. கடையில் வாங்கிய அன்று இரண்டும் ஒரே கூண்டிலா இருந்தன என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

இருந்தாலும் குட்டிகளைப் பார்த்தே பெற்றோரைப் பற்றி நிறையச் சொல்லிவிடலாம். செம்பட்டைக் குட்டியையே எடுத்துக்கொள்வோம். கறுப்பா சிவப்பா என்பதை முடிவுசெய்யும் மரபணு ஒன்று உண்டு. உங்கள் மகள் அதற்கு இரண்டு வடிவங்கள்தான் என்று வைத்துக் கட்டம் போட்டிருப்பாள் என நினைக்கிறேன். பாடப்புத்தகக் கணக்குகள் பெரும்பாலும் அப்படித்தான் வரும். கினிப்பன்றியில் அதற்கு மூன்று வடிவங்கள். ஒன்று உடம்பு முழுவதும் கறுப்பு பரவ இடம் கொடுக்கும். இரண்டாவது, கறுப்பும் சிவப்பும் திட்டுத்திட்டாக வர விடும். மூன்றாவது, கறுப்பே வராமல் முழுச் சிவப்பாக்கிவிடும். ஓங்குதன்மையும் இதே வரிசையில்தான், அதாவது முன்னே உள்ள வடிவம் இருந்தால் பின்னே உள்ளது வெளியே தெரியாது. சிவப்பு எல்லாவற்றுக்கும் கீழே ஒடுங்கியது, ஆகவே சிவப்பாகப் பிறக்கும் குட்டி தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு சிவப்பு வடிவங்களைப் பெற்றிருக்க வேண்டும். தாய் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் உள்ளே ஒரு சிவப்பை மறைத்து வைத்திருக்கிறது என்பதை இந்தக் குட்டி ஐயமில்லாமல் நிரூபிக்கிறது. தந்தை யாராக இருந்தாலும் அந்த முடிவு மாறாது.

உங்கள் வீட்டு ஆண்தான் தந்தை என்று வைத்துக்கொண்டால், அதனிடம் ஒரு திட்டு வடிவமும் ஒரு சிவப்பு வடிவமும் இருக்கும். இப்போது மகள் மறுபடி கட்டம் போடட்டும்: பாதிக் குட்டிகள் கறுப்பு, கால்வாசி கறுப்பு-சிவப்பு கலப்பு, கால்வாசி முழுச் சிவப்பு. பிறந்த மூன்றும் இந்த மூன்று வகையிலும் ஒவ்வொன்றாக அமைந்திருக்கின்றன. வெள்ளைத் திட்டு வேறொரு மரபணுவின் வேலை, அது தனிக்கணக்கு.

நீள முடியும் ஒடுங்கு பண்புதான். தாயும் தந்தையும் குட்டை முடியோடு இருந்தும் குட்டிக்கு முடி நீண்டால், இருவரும் அதைச் சுமக்கிறார்கள். நான்கில் ஒரு பங்கு சிவப்பு, நான்கில் ஒரு பங்கு நீள முடி. இரண்டும் தனித்தனியே பிரிந்து வந்தால், இரண்டும் ஒன்றாக அமைய 16இல் ஒரு வாய்ப்பு. அபூர்வம் என்று சொல்ல வேண்டுமானால் மாமியாரிடம் இந்தச் செம்பட்டைப் பெண்ணைக் காட்டிச் சொல்லுங்கள்.

மூன்று நிற ஆண் அபூர்வம் அல்ல. பூனையில் செம்மஞ்சள் நிற மரபணு, பாலினத்தை முடிவுசெய்யும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஒரே ஒரு எக்ஸ் உள்ள ஆண் பூனைக்குக் கறுப்பு அல்லது செம்மஞ்சள், ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும். இரண்டும் வந்தால் அது பெரும்பாலும் கூடுதலாக ஓர் எக்ஸ் உள்ள, மலட்டுப் பூனை. மாமியார் சொன்னது பூனைக்கு முற்றிலும் சரி. கினிப்பன்றியில் இந்த மரபணு பால் குரோமோசோமில் இல்லை. ஆணும் பெண்ணும் சம அளவில் மூன்று நிறமாகப் பிறக்கும்.

அந்த ஆண் குட்டியின் முதுகு வரப்புதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ‘அபிசீனியன்’ என்ற இனத்துக்கு உடம்பெங்கும் சுழி சுழியாக மயிர் நிற்கும். சுழியைத் தரும் மரபணு ஓங்குதன்மை உடையது. அப்படியானால் வழவழப்பான பெற்றோருக்கு எப்படி இந்தக் குட்டி என்று கேட்பீர்கள். சுழியை அடக்கிவைக்கும் இன்னொரு மரபணு இருக்கிறது. அடக்கும் வடிவம் இரண்டு பங்கு இருந்தால் சுழி ஏறக்குறைய மறைந்தே போகும், பின்னங்கால் விரல்களில் மட்டும் மயிர் எதிர்த்திசையில் படிந்திருக்கும். ஒரு பங்கு மட்டும் இருந்தால் முதுகில் வரப்போ, ஓரிரு சுழியோ தலைகாட்டும். அடக்குவது எதுவும் இல்லாவிட்டால்தான் முழு அபிசீனியன். ஆகவே வீட்டு ஆணைத் தூக்கிப் பின்னங்கால் விரல்களைப் பாருங்கள். மயிர் நகத்தை நோக்கிப் படியாமல் மேல்நோக்கித் திரும்பியிருந்தால், தந்தை இதுவே என்பதற்கு ஒரு நல்ல அறிகுறி கிடைத்துவிட்டது. தாயின் விரல்களையும் விட்டுவிடாதீர்கள், சுழி அதன் வழியாகவும் வந்திருக்கலாம்.

கையோடு விரல்களையும் எண்ணிவிடுங்கள். முன்னங்காலில் நான்கு, பின்னங்காலில் மூன்று இருப்பதே இயல்பு. சிலவற்றுக்குப் பின்னங்காலில் நான்காவது விரல் ஒன்று முளைக்கும். அமெரிக்க மரபியலாளர் சுவல் ரைட் 1934இல் இந்தக் கூடுதல் விரலை ஆராய்ந்து, ஒற்றை மரபணுவால் இதை விளக்க முடியாது, பல சிறு காரணிகள் சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டும்போதுதான் விரல் தோன்றுகிறது என்று காட்டினார். இன்று மனிதர்களின் பல நோய்களை மருத்துவர்கள் எண்ணிப்பார்க்கும் முறைக்கு அந்த விரலும் ஒரு தொடக்கம். உங்கள் மகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

‘சுத்தமான அமெரிக்கன்’ என்று கடையில் சொன்னதற்கு என்ன பொருள் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். அமெரிக்கக் கினிப்பன்றி வளர்ப்போர் சங்கம் 13 இனங்களை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த 13ஐயும் பிரிப்பது முடிதான்: குட்டையா நீளமா, சுழியா நேரா, நெற்றியில் கொண்டை உண்டா, சுருட்டையா, மினுமினுப்பா. நிறம் இனத்துக்குள் வரும் வகையை மட்டும் சொல்லும். நாயினங்கள்போல உடலமைப்பும் குணமும் வேறுபட்டவை அல்ல இவை. நீள முடியோடு கொண்டை சேர்ந்தால் ‘கொரொனெட்’, நீள முடியோடு சுருட்டை சேர்ந்தால் ‘டெக்ஸெல்’. நான்கைந்து மரபணுக்களைச் சேர்ப்பதிலும் பிரிப்பதிலும் பெரும்பாலான இனங்கள் அடங்கிவிடும். இவற்றை ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே உணவுக்காக வளர்க்கத் தொடங்கிய ஆண்டிஸ் மலைநாட்டில் கதை வேறு. பெருவில் அரசு வேளாண் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘பெரு’ இனம் விரைவில் எடை போடுவதற்கும், ‘ஆண்டினா’ இனம் அதிகக் குட்டி ஈனுவதற்கும் தேர்ந்து எடுக்கப்பட்டவை. அங்கே இனம் என்றால் உடம்பு. நம் கடைகளில் இனம் என்றால் மேல்முடி. வழவழப்பான குட்டை முடி இருந்தால் ‘அமெரிக்கன்’ என்று பெயர் ஒட்டிவிடலாம். உள்ளே நீள முடியும் சிவப்பும் சுழியும் ஒளிந்திருப்பதைப் பரம்பரைப் பதிவேடு இல்லாமல் எவராலும் சொல்ல முடியாது. கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

கண்ணுக்குத் தெரியாததுதான் தோழி வீட்டு ஆண் விஷயத்தில் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

உப்பும் மிளகும் கலந்தாற்போன்ற நிறத்தை ‘ரோன்’ என்பார்கள். நிற மயிரோடு வெள்ளை மயிர் சீராகக் கலந்திருக்கும். வெள்ளை உடம்பில் புள்ளி புள்ளியாக இருந்தால் ‘டால்மேஷன்’. இரண்டுக்கும் பின்னால் ஒரே மரபணுதான். அது ஒரு பங்கு மட்டும் இருந்தால் பிராணி நலமாக இருக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பங்கு சேர்ந்துவிட்டால் குட்டி வெள்ளை வெளேரென்று பிறக்கும். கண் மிகச் சிறுத்திருக்கும், சிலவற்றுக்குக் கண்ணே இராது. பார்வை இல்லை, பெரும்பாலும் செவியும் கேளாது. பற்கள் கோணலாக இருக்கும் அல்லது முளைத்தே இரா. கினிப்பன்றியின் பல் வாழ்நாள் முழுவதும் வளர்வது, நாள் முழுக்க உலர்புல் மென்றுதான் அது தேயும். மெல்ல முடியாத கினிப்பன்றிக்கு ஒவ்வொரு வேளையும் ஊசிக்குழலில் கரைத்த உணவை ஊட்ட வேண்டும், பல்லை அடிக்கடி மருத்துவரிடம் சீர்செய்ய வேண்டும். பல குட்டிகள் சில நாட்களில் இறந்துவிடும். பாடுபட்டு வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் தெரிந்தே அப்படி ஒரு குட்டியைப் பிறக்க வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

உங்கள் கறுப்புத் தாயின் இடுப்பில் வெள்ளை மயிர் தூவியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் அந்த ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். ரோன் மரபணு சில பிராணிகளில் உடம்பெல்லாம் தெரியும்; சிலவற்றில் இடுப்பிலோ காதோரத்திலோ ஒரு சிறு தூவலோடு நின்றுவிடும். உங்கள் தாய்க்கு இருப்பது அதுவா, வேறு காரணத்தால் வந்த நரையா என்று புகைப்படம் பார்த்தாலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ரோன் இருக்கலாம் என்று வைத்துத்தான் நாம் நடந்துகொள்ள வேண்டும். இருந்து, தோழி வீட்டு ரோன் ஆணோடு சேர்த்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு, நான் மேலே சொன்ன நிலையில் பிறக்க. செம்பட்டைக் குட்டியையும், கறுப்புக் குட்டி பெண்ணாக இருந்தால் அதையும் அந்த ஆணோடு சேர்க்கக் கூடாது. தாயிடம் ரோன் இருந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் அது பாதி வாய்ப்பில் போயிருக்கும்.

வீட்டு ஆணும் பாதுகாப்பானது என்று நினைத்துவிட வேண்டாம். அதன் உடம்பில் வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றன. வெள்ளை மயிரில் வெள்ளை கலந்தால் எப்படித் தெரியும்? வெள்ளை அதிகமுள்ள பிராணியில் ரோன் முழுவதுமாக மறைந்துகொள்ள முடியும். பிறந்த மூன்றில் ஒன்றுகூட வெள்ளையாக இல்லையே என்று நீங்கள் சொல்லக்கூடும். மகளிடம் சொல்லிக் கணக்கிடச் சொல்லுங்கள்: பெற்றோர் இருவரும் ரோன் சுமந்தாலும், மூன்று குட்டிகளும் தப்பிப் பிறக்க 100க்கு ஏறத்தாழ 42 வாய்ப்பு இருக்கிறது. ஓர் ஈற்றை வைத்து ஆறுதல் அடைய முடியாது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், கினிப்பன்றி ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி சினைப்பருவத்துக்கு வரும். ஈன்றபோது ஆண் கூடவே இருந்ததால் தாய் இப்போதே மூன்று வாரச் சினையாக இருக்கலாம். அப்படியிருந்தால் அடுத்த ஈற்று இன்னும் ஐந்தரை முதல் ஏழு வாரத்தில். அதனால்தான் முதலில் ஆண்களைப் பிரிக்கச் சொன்னேன்.

நெருங்கிய உறவுக்குள் சேர்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க வேளாண் துறை 1906 முதல் கினிப்பன்றிகளில் உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாக இணைத்து வந்தது. சுவல் ரைட் அந்தப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கையும் பிழைக்கும் வலுவும் மொத்தத்தில் குறைந்து வந்ததைக் கண்டார். உறவின் நெருக்கத்தை அளக்க அவர் 1922இல் தந்த எண்ணை இன்றும் பயன்படுத்துகிறோம். அந்த அளவுகோலில் தாயும் மகனும் இணைவதும் அண்ணனும் தங்கையும் இணைவதும் ஒன்றுதான்: கால் பங்கு. ஒரே கூண்டில் விட்டால் இரண்டும் நடக்கும்.

மினுமினுக்கும் ‘சாட்டின்’ வகையைப் பிள்ளைகள் அடுத்துக் கேட்பார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பளபளப்பு ஓர் ஒடுங்கு மரபணுவிலிருந்து வருவது. சாட்டின்களுக்கு எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து குறைந்து, தாடையும் கால்களும் வலித்து, கடைசியில் நடக்கவும் மெல்லவும் முடியாமல் போகும் நோய் வரக்கூடியது. அதை வாங்காதீர்கள்.

எல்லா நிறத்துக்கும் எல்லா முடிக்கும் பொதுவான மரபணுக் குறை ஒன்று உண்டு: கினிப்பன்றியின் உடம்பு வைட்டமின் சியைத் தானே தயாரிக்காது. நம்மைப்போலவே அதற்கான மரபணு வெகுகாலம் முன்பே செயலிழந்துவிட்டது. நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃபிரோலிக் என்ற இருவர் 1907இல் கினிப்பன்றியில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயை வரவழைத்துக் காட்டியது இதனால்தான். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். சினையாக இருக்கக்கூடிய உங்கள் தாய்க்கு மேல் அளவைக் குறிவையுங்கள். தேக்கா சந்தையில் கிடைக்கும் சிவப்புக் குடமிளகாயில் ஒரு துண்டும், கொய்யாவில் ஒரு சிறு துண்டும் தினம் கொடுங்கள். தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பதை நம்ப வேண்டாம், அது சீக்கிரம் வீரியம் இழக்கும். உலர்புல் எந்நேரமும் இருக்க வேண்டும்.

செம்பட்டைப் பெண்ணின் முடி இனியும் வளரும். நம் வெயிலில் 32 பாகை என்பது இவற்றுக்குத் தாங்க முடியாத சூடு. நீள முடிக்காரிக்கு இன்னும் கடினம். வயிற்றோரத்திலும் பின்புறத்திலும் முடியைக் குட்டையாகக் கத்தரித்துவிடுங்கள், மின்விசிறி ஓடும் நிழலான இடத்தில் கூண்டை வையுங்கள். நேரடியாகக் குளிர்காற்று அடிக்கும் இடம் வேண்டாம்.

குட்டிகளை யாருக்காவது கொடுப்பதானால், இந்த ரோன் சந்தேகத்தை அவர்களிடம் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவச் சேவையிடம் உரிமம் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு மலடாக்கும் சிகிச்சை செய்யலாம். செய்த பிறகும் சில வாரங்கள் கருவளம் மிச்சமிருக்கும் என்பதால் உடனே பெண்களோடு விட்டுவிடக் கூடாது.

தாயைச் சமையலறைத் தராசில் ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை ஏறிக்கொண்டே போனால் சினை. ஏறிய எடை திடீரென்று இறங்கினாலோ, அது உலர்புல்லைத் தொடாமல் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தாலோ, மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.